கோ மன்சூவுக்கு ஒரு பூசை

மார்ச் 6, 2001. செவ்வாய்

பனி. டி.வி.க்காரன் இரண்டடி விழும் என்று மூன்று நாளாகப் பயமுறுத்தினான். விழுந்தது ஒரு சாண். அதற்கு அவனுக்குச் சம்பளம் வேறு.

வேலைகள்: பிரஷர் மாத்திரை. கோட்டு சலவைக்கு. ஊருக்குப் பேச போன் கார்டு. தமிழ்ச் சங்கத்துக்கு நறுக்கென்று நாலு வரி.

சங்கத்துப் பையன் நேற்று போனில்: "அங்கிள், டைம் ரொம்ப டைட். குழந்தைங்க டான்ஸே ஏகப்பட்டது இருக்கு. உங்க ஸ்பீச்சை நெக்ஸ்ட் இயர் பாத்துக்கலாமே." போன வருஷமும் இதே பதில். 'கொரியத் தீவுகளில் தமிழர் காலடி' என்ற பொருளில் இந்த நியூ ஜெர்சியில் பேசத் தகுதியுள்ள ஆள் நான் ஒருவன்தான். அதை விட்டுவிட்டு டான்ஸ்.

சாப்பாட்டு மேஜையில் மருமகன் சேவியர்: "மாமா, நீங்க கொரியாவுக்குப் போயிருக்கீங்களா?"

போகவேண்டுமா என்ன? தூத்துக்குடித் துறைமுகத்தில் ஆயுசெல்லாம் இருந்தவன். கொரியாவே கப்பலேறி என்னிடம் வந்தது. என் கையெழுத்து இல்லாமல் ஒரு காப்டன் நங்கூரம் எடுத்ததில்லை. சொன்னேன்.

"மூட்டை எண்ணுறவர் கையெழுத்துக்காகக் கப்பல் நிக்குமா மாமா?"

ஸ்டெல்லா சிரிப்பை அடக்கிக்கொண்டு ரசம் ஊற்றினாள். பெற்ற மகள். சேவியருக்கு கம்ப்யூட்டர் கம்பெனி வேலை போய் ஒன்றரை மாதம். வாய் மட்டும் போகவில்லை.

மார்ச் 8, வியாழன்

பனி கரைந்து சகதி. ஷூவுக்குள் தண்ணீர்.

கோட்டை எடுத்துக்கொண்டு மிஸ்டர் கோ கடைக்கு. ஓக் ட்ரீ ரோட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. சலவைக் கடை. கோ கொரியாக்காரர், நாட்டின் தென்கோடியில் ஜேஜு என்ற தீவில் பிறந்தவர். என்னைவிட நாலு வயது மூப்பு. எங்கள் கத்தோலிக்கக் கோவில்தான் அவருக்கும்: ஞாயிறு மத்தியானம் கொரியப் பூசை, மாதம் நாலாம் ஞாயிறு சாயங்காலம் தமிழ்ப் பூசை, இரண்டும் அதே பீடத்தில்.

இஸ்திரி மெஷின் பக்கத்தில் எனக்கென்று ஒரு மடக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார். ஐந்து வருஷமாக அதுதான் என் யூனிவர்சிட்டி. எங்கள் இரண்டு பேர் இங்கிலீஷும் சம உடைசல். அதனால் வார்த்தை வீணாவதில்லை. இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

அவர் அம்மா கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்தவர். "எங்க ஊர்ல பொம்பளைங்கதான் மூழ்குவாங்க. ஆம்பளைங்க கரையில." எங்கள் ஊரில் ஆம்பிளைகள் சங்கு குளிப்பார்கள், அரைமணி நேரம் மூச்சடக்குவார்கள் என்றேன். கோ என்னைப் பார்த்தார். பிறகு, "எங்கம்மா ரெண்டு நிமிஷம்" என்றார். தாழ்மையான மனிதர்.

நாற்பத்தெட்டில் அந்தத் தீவில் சனத்தை அரசாங்கமே கொன்றது. இன்றைக்கும் சில ஊர்களில் வீட்டுக்கு வீடு அதே ராத்திரி திவசமாம். அதைப் பற்றி ஒரு வரி சொன்னார். மேலே கேட்டால் மெஷின் மிதியை அழுத்துவார். நீராவிச் சத்தம். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

கோவில் பீடத்துத் துணிகளை வெளுப்பதும் அவர்தான். காசு வாங்குவதில்லை. அந்த வெள்ளைத் துணிகளைத் தேய்க்கும்போது பேசமாட்டார். நானும் பேசாமல் இருப்பேன். அது எனக்கு எவ்வளவு சிரமம் என்பது எனக்குத்தான் தெரியும்.

மார்ச் 11, ஞாயிறு

வெயில், ஆனால் காதை அறுக்கிற காற்று.

கொரியப் பூசைக்குப் பின் கோவில் ஹாலில் ஒரு கூட்டம். கோ கூப்பிட்டிருந்தார். மிஸ் யாங் என்ற பெண், ஜேஜு தீவின் சரித்திரத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாளாம். ஒரு தீவை வைத்துக்கொண்டு ஆறு வருஷமாகப் படிக்கிறாள். நான் கொரியா முழுவதையும் மடக்கு நாற்காலியில் முடித்தவன்.

பேச்சு கொரிய பாஷையில். ஆனால் இங்கிலீஷில் அச்சடித்த தாள் கொடுத்தார்கள். சாரம்:

நூறு வருஷம் முன்பு அந்தத் தீவுக்கு ராஜாவின் வரி வசூல்காரன் வந்தான். புதிதாகக் கிறிஸ்தவரானவர்களில் சிலரை வசூலுக்கு வைத்துக்கொண்டான். வலைக்கு வரி, மரத்துக்கு வரி, ஊர்ச் சாமிக்கு வரி. பிரெஞ்சுச் சாமியார்கள் பின்னால் இருந்த தைரியத்தில் சிலர் ஊர்ச் சாமி குடியிருந்த மரங்களையே வெட்டினார்கள். சனம் கொதித்துக் கிளம்பிக் கிறிஸ்தவர்களைக் கொன்றது. நூற்றுக்கணக்கில். அப்புறம் பிரெஞ்சுக் கப்பல், அரசாங்கச் சிப்பாய், கலகத் தலைவர்களுக்குத் தூக்கு.

கொரியச் சபையின் கமிட்டித் தலைவர் மிஸ்டர் பே எழுந்தார். இன்ஷூரன்ஸ்காரர். தங்க பிரேம் கண்ணாடி. முகம் சிவந்து ஏதோ சத்தம் போட்டார். வேதத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் வரியைப் பற்றிப் பேசுகிறாளே என்று கேட்டாராம், கோ காதில் சொன்னார். மே இருபதாம் தேதி நூறாம் வருஷத்து நினைவுப் பூசை வைக்கிறார்கள். கொல்லப்பட்ட கிறிஸ்தவர்களில் இந்தச் சபைக் குடும்பங்களுக்கு உறவானவர்களின் பெயர்களை வாசித்து, பெயருக்கு ஒரு மணி அடிப்பார்கள்.

நான் கையைத் தூக்கி, பழைய காலத்தில் கொரியாவுக்குக் கப்பலில் போன தமிழ் ராணி ஜேஜுவில் இறங்கினாளா என்று இங்கிலீஷில் கேட்டேன். ஹாலே திரும்பிப் பார்த்தது. மிஸ் யாங் மரியாதையாகச் சொன்னாள்: அது பழங்கதை, அதுவும் வேறு ஊர்க் கதை, தீவில் அப்படி ஒன்றும் இல்லை.

படித்தவர்களுக்கு இருக்கிற பயம் இது. தாளில் இல்லாததைச் சொல்ல நாக்கு எழாது.

மார்ச் 13, செவ்வாய்

மழை. கோட்டு தயார். ஆனால் கோ கொடுக்கவில்லை. கடைக் கதவில் 'மூடியிருக்கிறது' பலகையைத் திருப்பி வைத்துவிட்டு என் எதிரில் ஒரு கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தார். ஐந்து வருஷத்தில் இப்படிச் செய்ததில்லை.

அவர் தாத்தா பெயர் கோ மன்சூ. ஊர்ச் சாமி மரத்தை வெட்டிய மறுநாள் கூட்டத்தோடு கிளம்பியவர். கிறிஸ்தவர்களைக் கொன்ற கூட்டம். கப்பல் வந்தபின் சிப்பாய்கள் பிடித்துப்போய்ச் சிறையில் செத்தார். அப்போது கோவின் அப்பா கைக்குழந்தை. அந்தப் பிள்ளை வளர்ந்து, பசிக்கு ஒரு சாமியார் வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஞானஸ்நானம் வாங்கியவர். சாகும்போது கோவிடம் ஒரே ஒரு காரியம் கேட்டாராம்: என் தகப்பன் பெயரைக் கோவிலில் ஒரு தடவை சொல்லிவிடு.

"எங்க பூசையில சொல்ல முடியாது. யாருன்னு கேப்பாங்க. ஊர்ல செத்தவங்க பேரன் பேத்தி எல்லாம் இங்க இருக்காங்க. உங்க தமிழ்ப் பூசையில வாசிங்க மிஸ்டர் லூக்காஸ். யாருக்கும் தெரியாது. கடவுளுக்கு மட்டும் தெரியும்."

"கிறிஸ்தவர் இல்லையே."

"சாமியார்கிட்ட கேட்டேன். யாருக்கும் ஜெபிக்கலாம்னார்."

பூசைக் கருத்துகளை, அதாவது யார் யாருக்காக ஜெபம் என்பதை, எழுதுவது யார்? நான். தாள் அடிப்பது யார்? நான். தமிழ்ப் பூசையே என் தோளில் நிற்கிறது என்று சொல்லலாம். கவலை விடுங்கள், போப்பாண்டவருக்கு வாசிக்கிற மாதிரி வாசிக்கச் சொல்கிறேன் என்றேன்.

"வேண்டாம். பேர் மட்டும். எப்படிச் செத்தாரோ அப்படி. வேற ஒண்ணும் வேண்டாம்."

கோட்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஏப்ரல் 19, வியாழன்

வெளியே செடிகளெல்லாம் மஞ்சள் பூ. எனக்குத் தும்மல்.

ஈஸ்டர் முடிந்தது. சேவியருக்கு டெக்ஸாஸ் கம்பெனி ஒன்றிலிருந்து போன். காப்பெல் என்ற ஊராம். "டாலஸ் பக்கம்தான் மாமா, நம்ம ஆளுங்க நெறைய." போகிறதானால் என்னையும் மூட்டை கட்டுவார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. பிரிட்ஜை எடுத்துப் போவதா விற்பதா என்று மட்டும் பேச்சு நடக்கிறது.

ஞாயிறுப் பூசைக்குத் தாள் அடித்தேன். கருத்துகள்: சூசை வாத்தியார் (நினைவு நாள்), ஒரு பெண்ணுக்குச் சுகப் பிரசவம், என் அப்பா ('துறைமுகத்தின் தந்தை'), பிறகு கோ மன்சூ.

கோ மன்சூ. எழுதிவிட்டுப் பார்த்தால் மொட்டையாக நிற்கிறது. சுற்றி எல்லாரும் சூசை, அந்தோணி, மரிய இஞ்ஞாசி. நடுவில் சட்டை போடாமல் வந்து நிற்கிற ஆள் மாதிரி. நாளைக்கு யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? லூக்காஸின் சிநேகிதருக்கு ஒரு மரியாதை இல்லையா? எங்கள் ஊரில் செத்தவருக்குப் பட்டம் போடாமல் சுவரில் நோட்டீஸ் ஒட்டினால் குடும்பத்தையே அவமானம் பண்ணின மாதிரி.

முன்னால் ஒரு ஞானஸ்நானப் பெயர் போட்டேன்: ராயப்பன். பீட்டருக்கு நம் பழைய பெயர். அப்புறம் கை தானாக ஓடிற்று: 'ஜேஜு தீவின் ஒப்பற்ற வேதசாட்சி, அஞ்ஞானிகளின் கத்திக்கு அஞ்சாமல் சிலுவையைத் தழுவி நின்ற மாவீரர் ராயப்பன் கோ மன்சூ அவர்களின் ஆத்தும இளைப்பாற்றிக்காக.' கலவரத்தால் செத்தது உண்மை. எந்தப் பக்கம் நின்று செத்தார் என்பதைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன், கிழிசல் தெரியாமல் சேலையை மடித்துக் கட்டுகிற மாதிரி. கோவும் படிக்கட்டும் என்று கீழே இங்கிலீஷிலும் போட்டேன். பீட்டர் கோ மன்சூ, மார்ட்டர். அடியில் சின்ன எழுத்தில்: ஆராய்ச்சி, லூக்காஸ், தூத்துக்குடி.

அழகாக வந்திருக்கிறது. நாற்பது காப்பி.

ஏப்ரல் 22, ஞாயிறு

நல்ல வெயில். முதன்முதலாகக் கோட்டு இல்லாமல்.

பூசைக்கு முன் ஃபாதர் அமல் தாளைப் பார்த்துச் சிரித்தார். மாதத்துக்கு ஒருமுறை பிலடெல்பியாவிலிருந்து கார் ஓட்டி வருகிறவர். "வேதசாட்சின்னா நேரா மோட்சம்தானே அங்கிள்? இளைப்பாற்றி எதுக்கு?"

"கூடுதலா இருக்கட்டும் ஃபாதர்."

கோவும் மனைவியும் கடைசி பெஞ்சில். ஃபாதருக்குக் கணீர்க் குரல். கோ மன்சூ என்ற சொல் வந்ததும் கோ தலை குனிந்தார். மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாரும் 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்றோம். வெளியே வந்து கோ என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மிச்சமிருந்த காப்பிகளை ஹால் மேஜையில் போட்டேன். கொரியாக்காரர்களும் படிக்கட்டுமே.

மே 1, செவ்வாய்

மேகமூட்டம். தலைவலி. எழுதப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

மடக்கு நாற்காலியில் உட்காருவதற்குள் கோ தாளை என் முன் நீட்டினார்.

"மிஸ்டர் லூக்காஸ், பீட்டர் யாரு?"

"உங்க தாத்தாதான். ஞானஸ்நானப் பேர். மரியாதைக்கு."

"யார் தண்ணி ஊத்தினா? நீங்க ஊத்தினீங்களா?"

ஹாலில் தாளைப் பார்த்துவிட்டு மிஸ்டர் பே நேரில் கடைக்கு வந்து அவரைக் கட்டிக்கொண்டாராம். இவ்வளவு பெரிய குடும்பம், இத்தனை வருஷம் ஏன் மறைத்தீர்கள் என்றாராம். மே இருபது பட்டியலில் பெயர் ஏறியாயிற்று. கோ, இல்லை, தப்பு என்று சொல்லப் பார்த்திருக்கிறார். பே அதைத் தாழ்மை என்று நினைத்து மறுபடி கட்டிக்கொண்டாராம்.

நல்லதுதானே என்றேன். கொன்றவர் பேரனாக இருப்பதைவிட வேதசாட்சி பேரனாக இருப்பது நல்லதில்லையா?

கோ சத்தம் போடுகிற ஆள் இல்லை. போடவும் இல்லை. "அவர்கிட்ட இருந்தது ஒண்ணே ஒண்ணு. அவரோட சாவு. அதையும் எடுத்துட்டு வேற ஆளோட சாவைக் குடுத்துட்டீங்க." பிறகு: "மிஸ்டர் பேகிட்ட போங்க. நீங்களா சேத்து எழுதினதுன்னு சொல்லுங்க. நான் சொன்னா நம்பலை. எழுதினவர் சொன்னா நம்புவார்."

சரி என்றேன்.

நன்மை செய்தவனுக்குக் கிடைக்கிற மரியாதை இது. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஸ்டெல்லா, "எப்பா, மறுபடி எங்கயாவது வாயைக் குடுத்துட்டு வந்தியளா?" இல்லை என்றேன்.

மே 9, புதன்

பே வீடு. பெரிய வீடு, செருப்பைக் கழற்றும் இடமே நம் ஹால் அளவு.

சொல்லத்தான் போனேன். வாயெடுப்பதற்குள் அவர், "வாங்க, புரொஃபசர் லூக்காஸ்" என்றார்.

இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருஷம். அங்கிள் என்றார்கள். சார் என்றுகூட இல்லை. பாங்க்கில் பெயரை உச்சரிக்கவே ஒரு நிமிஷம் ஆகிறது. மகள் வீட்டில் என் பெயருக்குத் தபால் வந்ததில்லை.

அவர் மனைவி பேரிக்காய் சீவிக் கொண்டுவந்து வைத்தார், ஒவ்வொரு துண்டிலும் ஒரு பல்குத்தும் குச்சி. பே என் தாளை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். இருபதாம் தேதி எனக்கு முன் பெஞ்சில் இடம். இந்தத் தகவல் எந்த ஆவணத்தில் கிடைத்தது என்று கேட்டார். தூத்துக்குடித் துறைமுகத்துப் பழைய கப்பல் குறிப்புகள் என்றேன். பிரெஞ்சுக் கப்பல் எங்கள் துறைமுகத்தில் தண்ணீர் பிடித்துப் போனது என்றும் சொன்னேன். பே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பேரிக்காய் நல்ல இனிப்பு.

இன்னும் நாள் இருக்கிறது. சொல்லிக்கொள்ளலாம்.

மே 11, வெள்ளி

கோ போன். "சொன்னீங்களா?"

சொல்லியாயிற்று என்றேன். எடுத்துவிடுவார்கள் என்றேன். அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றது. பிறகு, "தேங்க் யூ, மிஸ்டர் லூக்காஸ்."

அடுத்த வாரம் மிஸ்டர் பேயிடம் போனில் சொல்லிவிட்டால் இது பொய்யாகாது. கொஞ்சம் முந்திச் சொன்ன உண்மை.

மே 17, வியாழன்

சேவியர் காப்பெலுக்கு இன்டர்வியூ போனான். திங்கள்தான் திரும்புகிறான். வீடு நிசப்தம். ஸ்டெல்லா டபுள் ஷிப்ட்.

மிஸ்டர் பேவுக்கு இரண்டு தடவை போன். மெஷின் எடுத்தது. மெஷினிடம் என்ன சொல்ல?

மே 20, ஞாயிறு

மழை விட்டு விட்டு. கோ தேய்த்துக் கொடுத்த கோட்டுதான் போட்டுக்கொண்டு போனேன்.

முன் பெஞ்ச். பே பக்கத்தில். கோவும் மனைவியும் நாலைந்து பெஞ்ச் பின்னால். திரும்பி ஒருமுறை பார்த்தேன். லேசாகத் தலையசைத்தார். நம்பி வந்திருக்கிறார்.

பெயர் வாசித்தார்கள். பெயர், மணி. பெயர், மணி. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குடும்பம் எழுந்து நின்றது. எனக்கு பாஷை புரியாது. ஆனால் 'பெதுரோ கோ மன்சூ' புரிந்தது, பீட்டரை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மணி அடித்தது.

கோ எழுந்தார். எல்லாரும் புன்னகையோடு திரும்பினார்கள். அவர் பேச ஆரம்பித்தார். நீளமில்லை. கடையில் 'செவ்வாய்க்கிழமை தயாராகும்' என்று சொல்கிற அதே குரல். புன்னகைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒரு கிழவி முக்காட்டை முகத்தில் இழுத்துக்கொண்டாள். பீடத்தில் நின்ற இளம் சாமியார் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்ற குடும்பங்கள் பக்கம் கோ திரும்பி, இடுப்பு மடிய ஒரு வணக்கம். மறுபக்கம் திரும்பி இன்னொன்று. பிறகு மனைவியும் எழுந்து அவர் பக்கத்தில் நின்று அதே மாதிரி குனிந்தார். இரண்டு பேரும் நடந்து வெளியே போனார்கள். பே என் பக்கத்தில் இல்லை. பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்திருந்தார்.

வாசலில் மிஸ் யாங். என்ன சொன்னார் என்று கேட்டேன். இங்கிலீஷில் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள்.

'அவர் பெயர் பெதுரோ இல்லை. அவருக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. உங்கள் பெரியவர்களைக் கொல்லப்போன கூட்டத்தில் அவரும் இருந்தார். கையில் என்ன வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. அவருக்காக ஒரு ஜெபம் கேட்டார் என் அப்பா. இன்னொருவருடைய சாவைக் கேட்கவில்லை.'

"தாளை எழுதினது நீங்கதானே?" என்றாள்.

ஆதாரம் சரியில்லாமல் போய்விட்டது என்றேன்.

"ஆதாரம் மிஸ்டர் கோதானே?"

பிறகு குடையை விரித்துக்கொண்டு போனாள். எனக்குக் குடை இல்லை.

மே 22, செவ்வாய்

கோபம் வருகிறது. யார்மேல் என்று தெரியவில்லை. பே மேல். பேரிக்காய் மேல். ஊரில் பட்டம் போட்டே பழக்கிய நோட்டீஸ்காரர்கள் மேல். கோ மேலும்தான்: பேசாமல் நின்றிருந்தால் என்ன? தாத்தாவுக்கு ஒரு மணி கிடைத்தது, ஊர் மதித்தது, யாருக்கு என்ன நஷ்டம்?

சேவியருக்கு வேலை கிடைத்துவிட்டது. ஜூலையில் காப்பெல். ஸ்டெல்லா அழுதாள், பிறகு சிரித்தாள். பிரிட்ஜை விற்கிறார்கள்.

மே 24, வியாழன்

வெயில். கடைக்குப் போனேன்.

தெருமுனையில் மிஸ்டர் பேயின் கார். பின் சீட்டில் பிளாஸ்டிக் உறையில் பீடத் துணிகள் தொங்கின. உறையில் வேறு கடைப் பெயர். கோவில் வேலையிலிருந்து கோவை நிறுத்திவிட்டார்கள்.

கவுன்டரில் மிஸஸ் கோ. என்னைப் பார்த்து, எல்லா வாடிக்கைக்காரர்களிடமும் கேட்பதுபோல, "எதாவது தேய்க்கணுமா?" நான் போட்டிருந்த கோட்டையே கழற்றிக் கொடுத்தேன். "செவ்வாய்க்கிழமை." சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பெயர் கேட்டு எழுதிக்கொண்டார். ஐந்து வருஷத்தில் முதன்முறை.

மடக்கு நாற்காலி மடக்கியபடி சுவரோரம். கோ மெஷினில், முதுகைக் காட்டிக்கொண்டு. பேசினேன்: மிஸ்டர் பேயிடம் நான் சொல்லவே இல்லை. உங்களிடம் சொன்னது பொய். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பூசை இருக்கிறது. பெயர் மட்டும் எழுதிக் கொடுக்கிறேன். வேறு ஒன்றும் கிடையாது. வாருங்கள்.

மிதியை அழுத்தினார். நீராவி.

மே 27, ஞாயிறு

புழுக்கம். கோவிலில் ஏ.சி. வேலை செய்யவில்லை.

தாள் அடிக்கவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஃபாதர் அமலிடம் கொடுத்தேன்: கோ மன்சூ.

"பேருக்கு முன்னாடி ஒண்ணும் இல்லையா அங்கிள்?"

"இல்ல ஃபாதர்."

"உடம்பு சரியில்லையா?"

கடைசி பெஞ்ச் காலி. பூசை ஆரம்பித்தும் காலி. கருத்துகள் வாசிக்கும்போது ஃபாதர் என் துண்டுக் காகிதத்தைப் பார்த்தார், புத்தகத்துக்குள் கைவிட்டார், போன மாதத்துத் தாளை எடுத்தார். பத்திரமாக வைத்திருந்திருக்கிறார் மனுஷன். அவசரத்தில் விட்டுவிட்டேன் என்று நினைத்து உதவி செய்கிறார். கணீர்க் குரல்: "ஜேஜு தீவின் ஒப்பற்ற வேதசாட்சி..."

எழுந்து நின்றேன். "ஃபாதர், அது இல்ல. வேதசாட்சி இல்ல. ராயப்பனும் இல்ல."

பாடகர் குழுவில் ஒரு பெண், "ஐயோ, அங்கிள் ஆரம்பிச்சுட்டார்" என்றாள். சிரிப்பு. ஃபாதர் கையமர்த்தினார்: "அங்கிள், உங்க ஆராய்ச்சியைப் பூசை முடிஞ்சு கேப்போம், என்ன?" மறுபடி சிரிப்பு. சேவியர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். மாவீரர் ராயப்பன் கோ மன்சூ அவர்களின் ஆத்தும இளைப்பாற்றிக்காக. எல்லாரும்: எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.

காரில் ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சேவியர்தான் கண்ணாடியில் பார்த்து, "அப்புறம் மாமா, இன்னைக்கு என்ன கதை?"

சொன்னேன். முழுவதும். அவர் கிறிஸ்தவரே இல்லை. ஊர் மரத்தை வெட்டினார்கள், அடிக்கப் போனார், சிறையில் செத்தார். கையில் என்ன வைத்திருந்தார் என்று தெரியாது. பெயர் கோ மன்சூ. அவ்வளவுதான்.

சிக்னலில் கார் நின்றது. சேவியர் திரும்பிப் பார்த்தான்.

"போன மாசம் சொன்னது இதைவிட நல்லா இருந்துச்சு மாமா."